‘இல்லை’ எந்தத் துண்டில் போகிறது?

“புற்றணுக்கள் காணப்படவில்லை.” பயாப்ஸி முடிவுக்காக நாலு நாளாகத் தூங்காமல் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த இரண்டு சொற்களைவிடப் பெரிய செய்தி கிடையாது. இதை ஆய்வகத்தின் கணினி அனுப்புகிறது. வார்டில் இருக்கும் கணினி வாங்கிக்கொள்கிறது. யூனிகோட் கணக்குப்படி, முற்றுப்புள்ளியை விட்டுவிட்டால், அந்த வரியில் 26 குறிகள். வாங்கும் கணினியில் அந்த வரிக்கு ஒதுக்கியிருக்கும் இடம் 20 குறிகள் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமிருக்கும் ஆறையும் அது ஓசையில்லாமல் வெட்டிவிட்டால், திரையில் நிற்பது இதுதான்: “புற்றணுக்கள் காணப்பட”.

தமிழில் மறுப்பு கடைசியில் வருகிறது. வினைச்சொல் முழுவதும் ஓடி முடிந்த பிறகே ‘இல்லை’ வந்து ஒட்டிக்கொள்கிறது. அதனால் வாலை நறுக்கினால் பொருளே தலைகீழாகிவிடும். ஆங்கிலத்தில் ஆபத்து வேறு மாதிரி வரும். அங்கே ‘நோ’ என்ற சொல் முன்னால் நிற்கும். ‘நோ எவிடன்ஸ் ஆஃப் மாலிக்னன்சி’ என்ற தொடரை இரண்டாகப் பிரிக்கும்போது ‘நோ’ மட்டும் மேல் வரியின் கடைசியில் தனியாகத் தங்கிவிட்டால், அடுத்த வரி புற்றுநோய்க்கு ஆதாரம் இருக்கிறது என்று சொல்வதுபோல் தொடங்கும். அவசரத்தில் வரிகளின் தொடக்கத்தை மட்டும் கண்ணால் மேயும் மருத்துவருக்கு அது போதும், தவறாகப் படிக்க.

நீண்ட வாசகத்தை எங்கே வெட்டுவது என்ற கேள்வி பார்வைக்கு ஒரு எழுத்தரின் வேலை போலத்தான் தெரியும். உலகெங்கும் மருத்துவமனைகளின் பின்னறைகளில் இந்தக் கேள்விக்குத் தினமும் சில வரி நிரல்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்த நிரல்கள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

மருத்துவமனையில் ஒரே ஒரு கணினி அமைப்பு இருப்பதில்லை. அனுமதிப் பதிவுக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று, எக்ஸ்-ரே பிரிவுக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, பில் போட இன்னொன்று. ஒவ்வொன்றையும் வெவ்வேறு நிறுவனம் வெவ்வேறு காலத்தில் எழுதியிருக்கும். இவை பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டும் என்று 1987இல் அமெரிக்காவில், பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு குழு கூடியது. அங்கிருந்து பிறந்ததுதான் ‘ஹெல்த் லெவல் செவன்’, சுருக்கமாக எச்எல்7. கணினி வலைத்தொடர்பை ஏழு அடுக்குகளாகப் பிரிக்கும் மாதிரியில் ஏழாவது, அதாவது பயன்பாட்டு அடுக்கைக் குறிப்பதால் அந்தப் பெயர். அதன் இரண்டாம் பதிப்பு வரிசை 1990 வாக்கில் புழக்கத்துக்கு வந்து இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த மொழி எளிமையானது. வெறும் எழுத்துகளும் ஐந்து குறிகளும்தான். ஒரு செய்தி என்பது பல வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு ‘செக்மென்ட்’. எம்எஸ்எச் என்று தொடங்கும் வரி உறையின் முகவரி மாதிரி. பிஐடி வரியில் நோயாளியின் விவரம். ஓபிஆர் வரியில் என்ன சோதனை என்பது. முடிவு வருவது ஓபிஎக்ஸ் வரியில். ஒவ்வொரு புலத்தையும் ஒரு நெட்டுக்கோடு பிரிக்கிறது. தமிழ் எழுத்தில் பெயர்த்தால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

ஓபிஎக்ஸ்|1|எஃப்டி|பயாப்ஸி^அறிக்கை||புற்றணுக்கள் காணப்படவில்லை||||||எஃப்

முதல் புலம் வரிசை எண். இரண்டாவது, உள்ளே இருப்பது எந்த வகைத் தரவு என்பது. மூன்றாவது, எந்தச் சோதனை. ஐந்தாவதில்தான் உயிர் இருக்கிறது. பதினொன்றாவதில் நிற்கும் ‘எஃப்’ இது இறுதி முடிவு என்று அறிவிக்கிறது. சர்க்கரை அளவு என்றால் ஐந்தாம் புலத்தில் மூன்று இலக்கம் வரும், பிரச்சினையே இல்லை. நோய்க்கூறியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்ததை விவரித்து எழுதும் அறிக்கையோ பக்கக்கணக்கில் நீளும்.

அந்த நீளத்துக்கு இடம் போதாமல் போவது ஏன்? காரணங்கள் அடுக்கடுக்காக, தொல்லியல் குழியின் மண்படலம் போல இருக்கின்றன. அடியில் கிடப்பது 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த 80 நெடுவரிசைத் துளை அட்டை. அந்த 80 பிறகு கணினித் திரைகளின் அகலமாகியது. பழைய ஆய்வக மென்பொருள்கள் அந்த அகலத்துக்கே அறிக்கைகளை அச்சடித்தன. அதற்கு மேல், தரவுத்தளங்கள். ஆரக்கிள் தரவுத்தளத்தில் சாதாரண எழுத்துப் பத்தியின் வழக்கமான உச்சம் 4,000 பைட். பழைய மைஎஸ்க்யூஎல் பதிப்புகளில் 255 எழுத்து. எச்எல்7 தரமே தன் 2.5ஆம் பதிப்பில் சிறு வாசக வகைக்கு 199 எழுத்தையும் நீண்ட வாசக வகைகளுக்கு 65,536 எழுத்தையும் உச்சமாக வைத்தது. ஸ்கேன் படங்களுக்கான டைகாம் தரத்தில் ஒரு வகைப் புலத்துக்கு 64 எழுத்து, இன்னொன்றுக்கு 1,024, மற்றொன்றுக்கு 10,240. அனுப்புபவரின் புலம் பெரிதாகவும் வாங்குபவரின் புலம் சிறிதாகவும் இருக்கும் இடத்தில்தான் கத்தி தேவைப்படுகிறது.

65,536 என்பது இரண்டைப் பதினாறு முறை பெருக்கினால் வரும் எண். கணினி உலகில் எங்கே திரும்பினாலும் இந்த எண் வந்து நிற்கும். 2020 அக்டோபரில் இங்கிலாந்து நாடே இதில் இடறியது. கொரோனா சோதனை முடிவுகளை ஆய்வகங்கள் கோப்புகளாக அனுப்ப, அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு அவற்றை எக்செல்லின் பழைய கோப்பு வடிவத்தில் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடம் கிடையாது. ஒரு நோயாளியின் முடிவுக்குப் பல வரிசைகள் தேவைப்பட்டதால், ஒரு கோப்பில் ஏறத்தாழ 1,400 பேரின் விவரம்தான் அடங்கியது. மிச்சம் விழுந்துபோயிற்று, எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

அது வரிசைகளின் கதை. வாசகத்தின் கதையும் இதேதான். இடம் போதாதபோது கணினி இரண்டில் ஒன்றைச் செய்யலாம். மிஞ்சியதை எறிந்துவிடலாம், அல்லது பிரித்துப் பல துண்டுகளாக்கி எல்லாவற்றையும் அனுப்பலாம். எறிவதைப் போன்ற குற்றம் மருத்துவத் தரவில் வேறில்லை. ஏனென்றால் நறுக்கப்பட்ட வாசகம் பல நேரம் முழு வாசகம் போலவே தோற்றமளிக்கும். இதை உணர்ந்துதான் 2011இல் வந்த எச்எல்7-இன் 2.7ஆம் பதிப்பு # என்ற குறிக்கு ஒரு புது வேலை கொடுத்தது. ஒரு புலத்தை நறுக்கித்தான் ஆகவேண்டும் என்றால், அதன் கடைசி எழுத்தாக இந்தக் குறியை வைத்து, ‘இங்கே இன்னும் இருந்தது’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நேர்மையான ஏற்பாடு. ஆனால் பழைய பதிப்பு பேசும் அமைப்புக்கு அந்தக் குறி வெறும் ஒரு எழுத்துதான்.

எனவே பிரிப்பதே வழி. இரண்டு கணினிகளுக்கும் நடுவே ‘இன்டர்ஃபேஸ் எஞ்சின்’ என்ற மென்பொருள் ஒன்று உட்கார்ந்திருக்கும். ரயில் சந்திப்பில் பெட்டிகளைக் கழற்றி மாற்றிப் பூட்டுவதுபோல, வரும் செய்தியை வாங்கி, மாற்றி, அடுத்த அமைப்புக்குத் தள்ளிவிடுவது இதன் பணி. நீண்ட காலம் திறமூலமாக இருந்த மிர்த் கனெக்ட் இவற்றில் பெயர்பெற்றது. அதில் ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம். கனடாவில் பிறந்த இகுவானா, பிரேசில் நாட்டில் உருவான லுவா மொழியைப் பயன்படுத்துகிறது. குளோவர்லீஃப் என்ற எஞ்சினில் டிசிஎல் மொழி. மொழி எதுவானாலும் வேலை ஒன்றே: ஐந்தாம் புலத்தை எடு, வெட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் புதிய ஓபிஎக்ஸ் வரி போடு, வரிசை எண்ணைத் திருத்து.

புதிதாக எழுதுபவர் முதலில் எழுதும் நிரல் நான்கு வரி இருக்கும். 70 எழுத்துக்கு ஒருமுறை வெட்டு, வாசகம் தீரும்வரை திருப்பிச் செய். ஐந்து நிமிடத்தில் ஓடும். முதல் அறிக்கையிலேயே சொற்கள் நடுவில் முறிந்து கிடக்கும்.

தமிழ் இலக்கணத்தில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை இருக்கிறது என்று சொல்லலாம். சேர்ந்திருந்தால் ஒரு பொருளும் பிரித்தால் வேறு பொருளும் தரும் சொற்களை நன்னூல் பொதுமொழி என்கிறது. தாமரை என்றால் பூ. தா, மரை என்று பிரித்தால் தாவும் மான். வேங்கை என்றால் புலி. வேம், கை என்று பிரித்தால் வேகின்ற கை. புலவர்கள் இதை வைத்து விளையாடினார்கள். மருத்துவ அறிக்கையில் விளையாட்டுக்கு இடமில்லை. ‘அறிகுறியற்ற’ என்ற சொல் ‘அறிகுறி’ என்று ஒரு வரியிலும் ‘யற்ற’ என்று மறுவரியிலும் கிடந்தால், மேல் வரியை மட்டும் பார்த்தவர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார்.

ஆகவே நிரல் 70ஆவது எழுத்தில் நின்று, பின்னோக்கி நடந்து, முதலில் கிடைக்கும் இடைவெளியில் வெட்ட வேண்டும். அச்சுக்கலையில் இது பழைய பிரச்சினை. 1981இல் டொனால்ட் கனூத்தும் மைக்கேல் பிளாஸும் பத்தி முழுவதையும் ஒரே கணக்காகப் பார்த்து, எல்லா வரிகளும் அழகாக அமையும் வெட்டுப்புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் அழகு அதில்தான் இருக்கிறது. ஆய்வக அறிக்கைக்கு அவ்வளவு அழகு வேண்டாம், பின்னோக்கித் தேடுவதே போதும். ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. 70 எழுத்துக்குள் இடைவெளியே இல்லாவிட்டால்? நீண்ட இணைய முகவரி, கோடு கோடாக இழுத்த ஓர் அலங்கார வரி, எதுவும் வரலாம். இடைவெளி கிடைக்காத நிரல் பூஜ்ஜிய நீளத்தில் வெட்டும். மிச்சம் குறையாது, மறுபடி வெட்டும், மறுபடி பூஜ்ஜியம். அந்தச் சுழல் முடிவதே இல்லை. ஒரு நோயாளியின் அறிக்கையில் இருந்த ஒற்றை அலங்கார வரி, பின்னால் வரிசையில் நிற்கும் அத்தனை பேரின் முடிவுகளையும் தடுத்து நிறுத்திவிடும். ‘இடைவெளி இல்லையென்றால் எல்லையிலேயே வெட்டு’ என்ற ஒரு வரி இதற்குப் போதுமான மருந்து.

இடைவெளி கிடைத்தாலும் எல்லா இடைவெளியும் ஒன்றல்ல. ‘5 மி.கி.’ என்பதில் எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இருப்பதும் இடைவெளிதான். ‘நோ’வுக்குப் பின்னால் இருப்பதும் அதே இடைவெளிதான். அக்கறையோடு எழுதும் நிரலாளர் வெட்டக்கூடாத இடங்களுக்கு ஒரு சிறு பட்டியல் வைத்துக்கொள்வார். மறுப்புச் சொல்லுக்குப் பின்னால் வெட்டாதே. இலக்கத்துக்குப் பின்னால் அலகு வந்தால் வெட்டாதே. வரி கொஞ்சம் குட்டையானால் யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்த சிக்கல் இந்தத் துறைக்கே உரியது. எச்எல்7 செய்தியின் எலும்புக்கூட்டைத் தாங்கும் ஐந்து குறிகளும் மருத்துவ எழுத்தில் இயல்பாகப் புழங்குபவை. திசுக்களைச் சாயமேற்றும் மிகப் பரவலான முறைக்கு நோய்க்கூறியலில் ‘எச்&ஈ’ என்று பெயர்; ஹெமடாக்சிலினும் இயோசினும் சேர்ந்தது. பயாப்ஸி அறிக்கைகளில் சர்வசாதாரணமாக வரும் இந்த & குறி, எச்எல்7-இல் உட்கூறுகளைப் பிரிக்கும் குறி. அதைவிட மோசம் ^ என்ற கூரைக்குறி. சிறுநீர் கல்ச்சரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் பாக்டீரியா என்பது 1950களில் எட்வர்ட் காஸ் வகுத்த, இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டும் எல்லைக்கோடு. அதை லேபில் 10^5 என்று தட்டச்சு செய்வது வழக்கம். கூரைக்குறி செய்தியின் கூறுகளைப் பிரிக்கும் குறி என்பதால், வாங்கும் நிரல் முதல் கூறை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரு லட்சம் வெறும் பத்தாகிவிடும். மருந்து தேவைப்படும் தொற்று, காகிதத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

இதற்குத் தரமே வழி வைத்திருக்கிறது. & வரவேண்டிய இடத்தில் இரண்டு பின்சாய்கோடுகளுக்கு நடுவே ‘டி’ என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும்; கூரைக்குறிக்கு ‘எஸ்’; நெட்டுக்கோட்டுக்கு ‘எஃப்’. புதுவரி வேண்டுமென்றால் புள்ளி வைத்து ‘பிஆர்’. இப்படி மாற்றி எழுதியதும் ஒரு எழுத்து மூன்றாகிவிடும். இப்போது 70ஆவது எழுத்தில் வெட்டும் கத்தி அந்த மூன்றுக்கு நடுவே விழுந்தால்? ஒரு துண்டின் வாலில் தனிப் பின்சாய்கோடு, அடுத்த துண்டின் தலையில் பொருளற்ற இரண்டு எழுத்து. எனவே வரிசை மாறக்கூடாது. முதலில் மாற்றெழுத்துகளை அவிழ்த்து அசல் வாசகத்தை எடுக்க வேண்டும், பிறகு வெட்ட வேண்டும், பிறகு ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே மீண்டும் மாற்றி எழுத வேண்டும். நீளத்தை அளப்பது மட்டும் மாற்றி எழுதிய பின் வரும் அளவைக்கொண்டு. இந்த ஒழுங்கைத் தவறவிடுவதுதான் இத்தகைய நிரல்களில் அடிக்கடி நேரும் பிழை. நெடுநாள் தெரியாமல் இருந்து, என்றோ ஒருநாள் & சரியாக எல்லையில் வந்து விழும்போது வெளிப்படும்.

வாசகத்துக்குள்ளேயே ‘கேரேஜ் ரிட்டர்ன்’ எனப்படும் வரிமுறிவுக் குறி ஒளிந்திருப்பதும் உண்டு. மருத்துவர் என்டர் தட்டியிருப்பார், அவ்வளவுதான். எச்எல்7-இல் அதுவே செக்மென்டின் முடிவைச் சொல்லும் குறி. வாங்கும் கணினி அங்கே வரி முடிந்தது என்று நினைத்து, அறிக்கையின் இரண்டாம் பத்தியைப் புதிய செக்மென்டாகப் படிக்கப் பார்க்கும். அப்படியொரு செக்மென்ட் அதற்குத் தெரியாது. செய்தி முழுவதையும் திருப்பி அனுப்பினால் நல்ல காலம். தெரியாத வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப்போனால் கெட்ட காலம்.

இதுவரை ‘எழுத்து’ என்று சொல்லி வந்தோம். எழுத்து என்றால் என்ன?

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும்: த, மி, ழ். மிர்த் கனெக்டின் ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஐந்து என்னும், ஏனென்றால் மி-யின் மேல்விலங்கையும் ழ்-இன் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. இகுவானாவின் லுவா மொழியைக் கேட்டால் பதினைந்து என்னும். அது எண்ணுவது பைட்டுகளை, யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். மூன்று பதிலும் சரி. எதை எண்ணுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. ஆரக்கிளின் 4,000 பைட் ஆங்கிலத்துக்கு 4,000 எழுத்து. தமிழுக்கு 1,333 குறிகளோடு சரி. நிரலாளர் 4,000 ‘எழுத்து’ என்று வெட்டி அனுப்பினால், அந்தத் தமிழ் வாசகத்தைத் தரவுத்தளம் ஏற்காது.

பைட் கணக்கில் குருட்டாம்போக்காக வெட்டினால் மூன்று பைட் கொண்ட குறி நடுவில் பிளந்துவிடும். திரையில் கேள்விக்குறி அடைத்த கறுப்பு வைரம் தெரியும். குறிக் கணக்கில் வெட்டினால் அது நடக்காது, ஆனால் ‘ழ’ ஒரு துண்டிலும் அதன் புள்ளி மறு துண்டிலும் போகலாம். தமிழில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு குறிகளாகவும் எழுதலாம், மூன்று குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மூன்று குறியாக வந்ததை நடுவில் வெட்டினால் ‘கெ’ ஒரு பக்கமும் தனித்த கால் மறுபக்கமும் நிற்கும். ஜெர்மன் மொழியில் இரட்டைப்புள்ளி வைத்த உயிரெழுத்துகளுக்கும் இதே தொல்லை இருக்கிறது, அளவில் சிறிதாக. ஆய்வக அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போவதால் இந்தப் பிழைகள் வெளியே தெரிவதில்லை. நோயாளியின் பெயரோ, வீட்டில் எப்படி மருந்து சாப்பிட வேண்டும் என்ற குறிப்போ தமிழில் போகத் தொடங்கியதும் தெரிந்துவிடும்.

இதே பிரச்சினையைக் கைப்பேசி உலகம் எப்படிச் சமாளித்தது என்று பார்ப்பது பயனுள்ளது. குறுஞ்செய்தி ஒன்றுக்கு 140 பைட். ஆங்கிலத்தில் அது 160 எழுத்து, தமிழில் 70 குறி. தமிழில் நீளமாக ஒரு வாழ்த்து அனுப்பினால் இரண்டு மூன்று செய்திக்கான காசு போனது இதனால்தான். நீண்ட செய்தியை அலைபேசி துண்டாக்கும்போது ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஆறு பைட் தகவலை வைக்கிறது: இது எந்தச் செய்தி, மொத்தம் எத்தனை துண்டு, இது எத்தனையாவது. அதற்கு இடம் விட்டுத் தமிழ்த் துண்டு 67 குறியாகச் சுருங்குகிறது. பெறும் கைப்பேசி துண்டுகள் வரிசை மாறி வந்தாலும் சரியாகக் கோத்துவிடும். ‘மொத்தம் எத்தனை’ என்ற தகவல் அருமையானது. மூன்றில் இரண்டுதான் வந்திருக்கிறது என்று பெறுபவருக்குத் தெரிகிறது.

ஓபிஎக்ஸ் வரிகளில் வரிசை எண் உண்டு, மொத்த எண்ணிக்கைக்கு இடமில்லை. ஒரே செய்திக்குள் எல்லாத் துண்டும் போவதால் வரிசை எண்ணே போதும் என்று வைத்துவிட்டார்கள். செய்தியே நீளமாகி இரண்டாகப் பிரிய நேர்ந்தால் பயன்படுத்த டிஎஸ்சி, ஏடிடி என்று தொடர்ச்சிச் செக்மென்டுகளையும் தரம் வைத்திருக்கிறது. களத்தில் அவற்றைக் காண்பது அரிது. அறிக்கையை பிடிஎஃப் கோப்பாக்கி, அதை எழுத்துச் சரமாக மாற்றி உள்ளே வைத்து அனுப்பும் வழியும் உண்டு. அழகாகத் தெரியும், மருத்துவரின் பத்தி அமைப்பு அப்படியே இருக்கும். ஆனால் மூன்று பைட் நான்கு எழுத்தாகி அளவு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். உள்ளே இருக்கும் சொற்களைக் கணினியால் எளிதில் தேடவும் முடியாது.

துண்டாக்கும்போது ஓரங்களைச் ‘சுத்தம்’ செய்வது நிரலாளர்களின் கைப்பழக்கம். ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் உள்ள இடைவெளிகளை நீக்கிவிடுவார்கள். வெட்டிய இடத்தில் இருந்த ஒரே இடைவெளியும் அதில் போய்விடும். மறுமுனையில் ஒட்டும்போது இரண்டு சொற்கள் ஒன்றாகிவிடும். பத்திகளுக்கு நடுவே விட்ட வெற்று வரி, காலியான ஓபிஎக்ஸ் வரியாகப் போகும். காலி வரியை வாங்கும் கணினி தூக்கியெறிந்தால், நுண்ணோக்கி விவரிப்பும் முடிவுரையும் ஒரே பத்தியாகக் கலந்துவிடும்.

இந்தச் சுத்தத்தால் மிகவும் பாதிக்கப்படுவது பாக்டீரியா கல்ச்சர் அறிக்கை. இடப்பக்கம் ஆன்டிபயாட்டிக் பெயர், வலப்பக்கம் ஒரே ஓர் ஆங்கில எழுத்து: மருந்துக்குக் கிருமி அடங்கும் என்றால் ‘எஸ்’, அடங்காது என்றால் ‘ஆர்’. இரண்டுக்கும் நடுவே அட்டவணை போலத் தெரிவதற்காக இடைவெளிகளை நிரப்பியிருப்பார்கள். வலப்பக்க எழுத்து எல்லையைத் தாண்டி இருந்தால், பிரிப்பு நிரல் அதை அடுத்த வரியின் தலையில் கொண்டுபோய் வைக்கும். அங்கே அது அடுத்த மருந்தின் பெயருக்கு அருகில் நிற்கும். ஆம்பிசிலினுக்குரிய ‘ஆர்’ ஜென்டாமைசினுக்குப் பக்கத்தில் தெரியும். அட்டவணைகளை வாசகம் போல மடிக்கவே கூடாது. ஒவ்வொரு மருந்தையும் தனி ஓபிஎக்ஸ் வரியில், தனிப் புலமாக அனுப்புவதுதான் முறை. ஆய்வக மென்பொருள் அதற்கு இடம் தராதபோது, வரி வரியாகவே அனுப்பி, மடிப்பு நிரலை அந்த அறிக்கைகளின் பக்கமே விடாமல் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து மெதுவாக வரும். முதலில் அனுப்பிய அறிக்கை பன்னிரண்டு துண்டு. மருத்துவர் மறுநாள் திருத்தி எழுதுகிறார், இப்போது ஒன்பது துண்டு. வரிசை எண்ணை வைத்துப் பழையதன்மேல் புதியதை எழுதும் கணினி ஒன்றிலிருந்து ஒன்பதுவரை மாற்றிவிடும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு அப்படியே இருக்கும். புதிய அறிக்கையின் அடியில் பழைய அறிக்கையின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும், முடிவுரையும் அந்த வாலில்தான் இருக்கும். இதைத் தவிர்க்கவே பதினொன்றாம் புலத்தில் ‘சி’ என்று திருத்தத்தையும், ‘டி’ என்று நீக்கத்தையும் குறிக்க வசதி இருக்கிறது. துண்டாக்கும் நிரல் எழுதுபவர் முந்தைய துண்டுகளின் எண்ணிக்கையை நினைவில் வைத்து மிச்சத்தை நீக்கச் சொல்ல வேண்டும், அல்லது திருத்த அறிக்கை வந்தால் பழையதை முழுக்க அழித்துவிட்டு எழுதும்படி வாங்கும் தரப்போடு பேசி முடித்திருக்க வேண்டும்.

பேசி முடிப்பது என்பதற்கு இந்தத் தொழிலில் பெரிய மதிப்பு இருக்கிறது. நிரல் எழுதும் முன் வாங்கும் அமைப்பைப் பராமரிப்பவரைக் கூப்பிட்டு, ‘உங்கள் புலத்தை அகலப்படுத்த முடியுமா?’ என்று கேட்டால், பல நேரங்களில் முடியும் என்றே பதில் வரும். 255 என்பதை யாரோ எப்போதோ யோசிக்காமல் தட்டியிருப்பார்கள். வெட்டாமலே போய்ச் சேரும் அறிக்கைக்கு ஈடு எதுவுமில்லை.

புதிய தரம் இந்தச் சுமையைப் பெருமளவு குறைக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரஹாம் கிரீவ் 2011இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த எஃப்எச்ஐஆர், ஆங்கிலத்தில் ‘ஃபயர்’ என்று ஒலிக்கும் தரத்தில், ஓர் எழுத்துச் சரம் 10,48,576 எழுத்துவரை போகலாம். எக்செல்லின் புதிய கோப்பு வடிவம் தாங்கும் வரிசைகளின் எண்ணிக்கையும் இதுவே. இரண்டை இருபது முறை பெருக்கினால் வருவது. இந்தியாவில் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்குமாகத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் இந்தத் தரத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. வெளியே ஃபயர் பேசினாலும், மருத்துவமனைக்கு உள்ளே லேப் கருவிக்கும் வார்டுத் திரைக்கும் நடுவில் நெட்டுக்கோடுகள் இன்னும் பல இடங்களில் ஓடுகின்றன. ரத்த மாதிரிக் குழாயில் ஒட்டும் லேபிளின் அகலமும் மாறவில்லை.

ஆகவே கத்தியை வைத்திருப்பவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சோதனைக்கு ஒரே விதிதான்: வெட்டிய துண்டுகளை மறுபடி ஒட்டினால் அசல் வாசகம் ஒரு இடைவெளிகூடக் குறையாமல் திரும்பி வர வேண்டும். அதற்குக் கொடுக்க வேண்டிய மாதிரிகள்: ஒன்றுமே இல்லாத வாசகம்; சரியாக எல்லை அளவுள்ள வாசகம்; இடைவெளியே இல்லாத ஐந்நூறு எழுத்து; இடைவெளி மட்டுமே உள்ள ஒரு வரி; எச்&ஈ எல்லைக்கோட்டில் வந்து விழும்படி அமைத்த ஒரு பயாப்ஸி விவரிப்பு; 10^5 உள்ள ஒரு கல்ச்சர் முடிவு; ‘கொ’வை இரண்டு விதமாகவும் எழுதிய ஒரு பெயர். கடைசியாக, எல்லையைவிட ஒரே ஒரு குறி நீளமான, ‘இல்லை’ என்று முடியும் ஒரு தமிழ் வாக்கியம்.